தலைகீழ்ப் பக்கம்

தலைகீழாக வைத்து அனுப்பிய பக்கம், தலைகீழாகவே திரும்பி வந்திருந்தது!

“பாத்தீங்களா? பாத்தீங்களா?” பல் டாக்டரம்மா காகிதக் கட்டைத் தூக்கிக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “நாவலுக்கு நடுவுல வேணும்னே ஒரு பக்கத்தைத் தலைகீழா வெச்சேன். படிச்சிருந்தா நேராக்கியிருப்பார்ல? அந்த ஆள் பிரிச்சே பாக்கலை!”

“ஒருவேளை, தலைகீழா நின்னு படிச்சிருப்பாரோ?” என்றார் கணவர்.

அவள் பார்த்த பார்வையில் அவருக்கு ஒரு பல் ஆடிவிட்டது.

அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. ஊரிலேயே பெரிய இலக்கிய ஏஜென்ட். அவர் கை காட்டினால் பதிப்பகங்கள் கண்ணை மூடிக்கொண்டு புத்தகம் போடும். புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் அனுப்புவார்கள். பேட்டிகளில், “வருகிற ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்துவிடுவேன்” என்று வேறு அளப்பார்.

“புளுகு மூட்டை!” பல்லை நறநறவென்று கடித்தாள் டாக்டரம்மா. அப்படிக் கடிக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள்.

அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்தாள் பாருங்கள், எழுத! பல்லில் அடைத்த சிமென்ட் காய்வதற்குள் ஒரு பாரா. மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு ஒரு பக்கம். எழுத்து சூடு பிடித்த நாட்களில் மரத்தது தெளிந்துபோய், மறுபடி ஊசி போடவேண்டி வந்ததாகவும் கேள்வி.

கதை? பல்வலியோடு வந்த ஒரு ஏஜென்டை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்து, தன் நாவல் முழுவதையும் படித்துக் காட்டுகிற ஒரு பல் டாக்டரின் கதை!

முடித்த கையோடு அதைக் கொண்டுபோய் ஏஜென்டின் மேசையில் தொப்பென்று போட்டாள். விடுவிடென்று திரும்பி வந்தாள்.

மறுநாள் போன் அலறியது.

“அம்மா, ஏஜென்ட் பேசறேன்! சாப்பிடக்கூட எழுந்திருக்காம படிச்சேன். சிரிச்சுச் சிரிச்சுத் தாடை பிடிச்சுக்கிச்சு. எனக்குத்தான் முதல்லன்னு பதிப்பகங்க இப்பவே அடிச்சுக்குது! ஒப்பந்தம் தயார். பறந்து வாங்க!”

டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாயை ஆவென்று திறந்தபடி படுத்திருந்தவரிடம், “கொஞ்சம் மூடிக்குங்க, வந்துடறேன்!” என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரில் பறந்தாள்.

ஏஜென்டின் அறையில் சுவர் தெரியாத உயரத்துக்குக் காகிதக் கட்டுகள். மனிதர் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாகப் பேனாவை நீட்டினார்.

வாங்கிய கை பாதியில் நின்றது.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் சார். என் முதல் நாவலை ஏன் பிரிச்சுக்கூடப் பாக்காம திருப்பினீங்க?”

ஏஜென்ட் தலையைச் சொறிந்தார். “அதுவா... தப்புதாம்மா. சோம்பேறித்தனம்.”

“சோம்பேறித்தனமா! உசிரைக் கொடுத்து எழுதினது சார் அது. நான் அன்னிக்கே எழுதறதை விட்டிருந்தா?”

“விடலையேம்மா!”

“அது உங்க புண்ணியமா? உங்களை நார் நாராக் கிழிக்கணும்னுதான் ரெண்டாவதை எழுதினேன்!”

இதற்கு அந்த மனிதர் முகம் தொங்கிப்போக வேண்டாமோ? மாறாக, குளிர்ந்துபோய்ப் புன்னகைத்தார். டாக்டரம்மாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. பேனாவை மேசைமேல் வைத்தாள்.

“படிக்காமலே படிச்சேன்னு சொல்ற ஆள்கிட்ட என் புத்தகம் வேண்டாம். அது வெளியே வராமலே போனாலும் சரி!”

தடதடவென்று படியிறங்கித் தெருவுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, ஸ்கூட்டர் சாவி மேலேயே இருக்கிறது என்று. வீராப்பாக வெளியேறியவர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

திரும்பிப் போனாள். நாற்காலி காலி. மேசைக்கு அடியில் ஏஜென்டின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. ஒரு கையில் டார்ச், மறு கையில் பூதக்கண்ணாடி.

“என்ன சார் தேடறீங்க?”

“முடிம்மா!” பதறிப்போய்த் தலையைத் தூக்கி, மேசையில் ணங்கென்று முட்டிக்கொண்டார். “யாரோ ஒருத்தர், நான் படிக்கிறேனான்னு பாக்கறதுக்காக, பக்கத்துக்கு நடுவுல ஒரு முடியை வெச்சு அனுப்பியிருக்கார். படிக்கறப்போ பறந்துபோச்சு. திருப்பி அனுப்பறதுக்குள்ள எடுத்து அதே இடத்துல வெச்சாகணும்.”

டாக்டரம்மா மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

“அப்போ... என்னோட பக்கம்?”

“மாமாவும் மருமகனும் ஏணியில தொங்கிக்கிட்டே சண்டை போடுவாங்களே, அந்தப் பக்கம்தானே? நேராக்கிப் படிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சேன். மறுபடி தலைகீழா வெச்சேன். அது ஒண்ணுதாம்மா தேறிச்சு. மத்ததெல்லாம் சொத்தை.”

“அதை மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே சார்!”

“சொல்லிப் பாத்தவன்தாம்மா. படிச்சுட்டுப் பிடிக்கலைன்னு சொன்னா, மனசு விட்டுப் போய் எழுதறதையே நிறுத்திடறாங்க. படிக்கவே இல்லைன்னு நெனச்சாங்கன்னா, என்னைத் திட்டிக்கிட்டே அடுத்ததை எழுதிடறாங்க. புதுசா வர்றவங்ககிட்ட நான் எதிர்பாக்கறது அந்த அடுத்ததைத்தான். திட்டு எனக்குப் பழகிப்போச்சு.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். மேசைமேல் கிடந்த ஒப்பந்தத்தில் மளமளவென்று கையெழுத்துப் போட்டாள். பிறகு வெள்ளைக் கோட்டை வாரிச் சுருட்டிக்கொண்டு, மேசைக்கு அடியில் அவர் பக்கத்திலேயே மண்டி போட்டாள்.

“டார்ச்சை இப்படிக் கொடுங்க சார். முடி கறுப்பா, நரைச்சதா?”