ஓவன் நகரும்போது பேசக் கூடாது

"ஓவன் இடத்துல உட்கார்ற வரைக்கும் இங்கே யாரும் பேசக் கூடாது."

மேஸ்திரி சொன்னதைக் கேட்டு பேக்கரிக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

"என் கடை, என் ஓவன். நானுமா?"

"நீங்கதாம்மா முக்கியமா."

கொழுந்தன் சிரித்துவிட்டான். "அண்ணி, இருபது வருஷமா எங்கண்ணனால முடியாததை இந்த ஆளு ஒரே வரியில..."

அவள் பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவள் அவசரம் அவளுக்கு. பழைய ஓவன் நேற்று உயிரை விட்டது. விடிந்தால் ஆஸ்பத்திரிக்கு நானூறு ரொட்டி போக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும். இணைப்புக் கொடுக்க வந்திருந்த எலக்ட்ரீஷியன் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். இப்போதே மூன்றரை.

மேஸ்திரியோ ஓவன் பக்கமே போகவில்லை. கதவுகளையும் தட்டுகளையும் கழற்றச் சொல்லிவிட்டு, தன் ஆட்களில் நெட்டையான ஒருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு லாரியிலிருந்து கடையின் உள்ளறை வரை நடந்தார். திரும்பி நடந்தார். நெட்டை வழியெல்லாம் சுவரைத் தடவினார். சாக்கடை மேல் போட்ட பலகைகளைக் காலால் தட்டினார்.

"கடையை விலைக்கு வாங்க வந்திருக்காங்க போல," என்றான் கொழுந்தன்.

"கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டுங்க," என்று நெட்டையிடம் அவள் குழைந்து சிரித்தாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கோ பார்த்தபடி, "ஆயிடும்மா" என்றார்.

"திமிரைப் பாருங்க அண்ணி!"

லாரியின் பின்பலகை மெல்லத் தாழ்ந்து அறுநூறு கிலோவைத் தெருவில் இறக்கியது. அடியில் உருட்டுக் குழாய்கள். பக்கத்துக்கு ஒருவர், குழாய் மாற்ற ஒருவர், பின்னால் தள்ள நெட்டை. மேஸ்திரி கையில் ஒரு சுத்தியலும் இரும்புத் துண்டும். ஒரு தட்டு என்றால் தள்ளு. இரண்டு என்றால் நில்.

டங். ஓவன் ஓரடி நகர்ந்தது. டங் டங். நின்றது.

"ஐயோ, சுவரு! சுவரு!"

டங் டங். மேஸ்திரி திரும்பினார். "அம்மா, இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா ஓவன் தெருவுலயேதான் நிக்கும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளளவில் அது தவம்.

டங். முதல் குழாய் சாக்கடைப் பலகையில் ஏறியது.

"நில்லுங்க!" நெட்டையின் குரல். "இடது பலகை விரிசல் விடுது."

மேலே ஒரு கீறல்கூட இல்லை. மேஸ்திரி ஓவனுக்கு ஆப்பு வைக்கச் சொல்லிவிட்டு, குனிந்து பலகையின் அடியில் பார்த்தார். குறுக்கே விரிசல். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் ஓவன் சாக்கடையில். பக்கத்தில் நின்றவரின் கால் அதற்கும் கீழே.

ஓவனைப் பின்னுக்கு இழுத்து, பலகையை எடுத்துவிட்டு, லாரியிலிருந்த இரும்புத் தகட்டைப் போட்டார்கள். மறுபடியும் டங். டங் டங்.

நாலே முக்காலுக்கு ஓவன் தன் இடத்தில் உட்கார்ந்தது. மணி ஐந்து ஆவதற்குள் அதில் பச்சை விளக்கு எரிந்தது.

அவளே டீ கொண்டுவந்தாள். முதல் டம்ளர் நெட்டைக்கு.

"பின்னால நின்னுக்கிட்டு, பலகைக்கு அடியில இருந்த விரிசலை எப்படிங்க பார்த்தீங்க?"

"பார்க்கலம்மா. மெதுவா முனகுச்சு. காதுல விழுந்துச்சு."

நீட்டிய டம்ளரை அவர் வாங்கவில்லை. மேஸ்திரி அதை வாங்கி அவர் விரல்களுக்குள் வைத்தார். "சூடு. விளிம்பைப் பிடிச்சுக்கோ."

அப்போதுதான் அவள் அந்தக் கண்களைக் கவனித்தாள். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மேஸ்திரி..." அவள் குரல் தானாகவே தணிந்தது. "கண்ணு தெரியாதவரையா பின்னால தள்ள விட்டீங்க?"

"ஆறடி ஓவனுக்குப் பின்னால நிக்கிறவனுக்குக் கண்ணு இருந்துதான் என்னம்மா தெரியப்போகுது?" மேஸ்திரி தன் டீயை ஊதினார். "நாம கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டா, அவன் வீட்டுலயும் அடுப்பு எரியும்."