கழிப்பறையில் தேங்காய் வாசனை

பெண்கள் கழிப்பறைக் கூரையில் மாட்டிய மின்சிகரெட் கண்டறியும் கருவி இன்றும் அலறுகிறது; இன்றும் உள்ளே கண்ணாடி முன் நிற்பது டாலியா ஒருத்திதான். துணைத் தலைமையாசிரியை பிரான்வின் வாசலை மறித்துக்கொண்டு காற்றை மோந்து பார்க்கிறார். தேங்காய் வாசனை. பழ வாசனையிலெல்லாம் புகை விற்கிற காலம் இது. "மூணாவது தடவை. சஸ்பெண்ட்தான். சனிக்கிழமை சர்ஃபிங் போட்டிய மறந்துடு." "நான் ஊதல மிஸ். பையக் கொட்டிப் பாருங்க." கொட்டுகிறார். ஈர நீச்சலுடை, சர்ஃபிங் பலகைக்குத் தேய்க்கும் மெழுகு, வெஜிமைட் தடவிப் பாதி கடித்த ரொட்டி, மணல். கருவி ஓய்ந்ததும் கடலிரைச்சல் கேட்கிறது. "எங்க ஒளிச்சே?" "கடற்காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு மிஸ்." பிரான்வின் சிரிக்கவில்லை. வெளியே கடற்கரை வகுப்புக்கு விசில் ஊதுகிறார்கள். சன்ஸ்கிரீன் என்கிற வெயில் பூச்சு போடாமல் யாரையும் கடற்கரைக்கு விட மாட்டார்கள். டாலியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பாவாடைப் பையிலிருந்து அந்தப் பூச்சைத் தெளிக்கும் குப்பியை எடுத்து, பிடரியில் இன்னொரு முறை அடித்துக்கொள்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் வெண்துளிகள் மெல்ல மேலேறுகின்றன. அதே தேங்காய் வாசனை. கருவி மறுபடி அலறுகிறது. பிரான்வின் அண்ணாந்து பார்க்கிறார். அதன் உள்ளே மெல்லிய ஒளிக்கற்றை ஒன்று ஓடுகிறது. நுண்துளிகள் குறுக்கே வந்தால் ஒளி சிதறும், உடனே அலறும். புகையா பூச்சா என்று அதற்குத் தெரியாது. "சனிக்கிழமை போ," என்கிறார். "ஆனா இத இனிமே முற்றத்துல நின்னு அடிச்சுக்கோ. காத்து கலைச்சிடும்."