கைப்பக்குவம்

"இதுக்குப் பேரு நண்டா? ஓடு மட்டும்தான் நண்டு மாதிரி இருக்கு. உள்ள இருக்கறது நனைஞ்ச அட்டை."

பெரிய மாஸ்டர் தட்டைத் தள்ளிவிட்டார். கடலைப் பார்த்தபடி கீற்றுக்கொட்டகை போட்ட சாப்பாட்டுக் கடை அது. மணிக்கட்டுவரை வழிந்த குழம்பை நக்கிக்கொண்டிருந்த வேன் டிரைவர், அந்தத் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அட்டையோ பெட்டியோ, தேங்காய்ப்பால்ல போட்டுக் குடுத்தா நான் சாப்பிடுவேன்பா."

"உனக்கென்ன, வாய்ல போட்டா நேரா குடோனுக்குப் போயிடும்."

மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். இப்போது ஒரே ஹோட்டலில் வேலை. பெரிய மாஸ்டர் அடுப்படிக்கு ராஜா. சின்ன மாஸ்டர் அவருக்கு அடுத்த ஆள். டிரைவர் காய்கறி வேன் ஓட்டுகிறவர். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஹோட்டலை மூன்று நாள் மூடியதும், படகு பிடித்து இந்தத் தீவுக்கு வந்துவிட்டார்கள்.

வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து பெரிய மாஸ்டருக்கு எல்லாமே இளக்காரம்தான். கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்து, "நம்ம புகைபோக்கிக்கு வெள்ளை அடிச்சா இதைவிட லட்சணமா இருக்கும்" என்றார். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறி, கீழே நீந்திய வண்ண மீன்களைக் குனிந்து பார்த்தார். "குழம்புக்கு ஆகாத மீனைக் காட்ட ஒரு படகு. அதுக்கு ஒரு வரிசை வேற." அருவியில் குளித்துவிட்டு வந்தபோது, மாடித் தொட்டி உடைந்தாலும் இப்படித்தான் கொட்டும் என்றார். விடுதியில் காலையில் போட்ட முட்டை அவருக்கு ரப்பர். நேற்று சுட்டுக் கொடுத்த மீன் துவைத்த துணி.

இப்போது அவர் பார்வை சின்ன மாஸ்டர் பக்கம் திரும்பியது.

"என்னடா, வாயே திறக்கல? நண்டு பிரமாதமோ?"

"நல்லாத்தான்டா இருக்கு."

"இருக்கும் இருக்கும். இதை நல்லாருக்குன்னு சொல்றவன் வைக்கிற குழம்பு எப்படி இருக்கும்? மூணு மாசமா ஹால்லேருந்து தட்டு தட்டாத் திரும்பி வருதே, ஏன்னு இப்பத்தான் புரியுது."

டிரைவர் நண்டுக் காலைக் கீழே வைத்தார். "ஊர் சுத்த வந்த இடத்துல அடுப்படிப் பஞ்சாயத்து எதுக்குடா?"

"முதலாளி இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் கேட்டிருக்கார். யார் கைல கோளாறுன்னு தெரிஞ்சாகணுமாம். தெரிஞ்ச நிமிஷமே அந்த ஆள் வெளிய. இவன் இறக்குற ஒவ்வொரு பாத்திரத்தையும் நான் வாய்ல வச்சுப் பார்த்து, என் கையால சரி பண்ணித்தான் அனுப்பறேன். அப்படியும் தட்டு திரும்புதுன்னா வேற யாரைச் சொல்ல?"

சின்ன மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. "இருபத்திரண்டு வருஷம்டா. கைப்பக்குவம் போச்சுன்னு வெளிய அனுப்பினா, அப்புறம் எந்த அடுப்படியிலயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க."

"சிநேகிதம் வேற, அடுப்பு வேற."

கடைக்காரர் அன்னாசிப் பழத்தை நறுக்கிக் கொண்டுவந்து வைத்தார். சாறு தட்டில் தேங்கி நின்றது. டிரைவர் ஒரு துண்டை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "அடடா, தேனு."

பெரிய மாஸ்டர் ஒரு துண்டை மென்றுவிட்டுச் சக்கையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். "தேனா? சாக்கு நாரு மாதிரி இருக்கு. இந்தத் தீவுக்கே சாபம்டா."

சின்ன மாஸ்டர் தன் துண்டைத் தின்று முடித்துவிட்டு, நண்பரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிஜமாத்தான் சொல்றியா?"

"பொய் சொல்ல எனக்கென்ன வேண்டுதலா? எனக்கு அடுப்படிதான் எல்லாம். உன்னை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டினா மாஸ்டர் தொப்பியைக் கழட்டி வச்சுட்டுப் போயிடணும்."

சின்ன மாஸ்டர் எழுந்தார். "சரி, கோவிச்சுக்காத. இளநீர் வாங்கிட்டு வரேன்."

அவர் மணலில் நடந்துபோய் இளநீர் வண்டி அருகே நிற்பதும், பிறகு அலையோரம் குனிவதும் தெரிந்தது.

"மூஞ்சி கழுவறான். அழுதிருப்பான்" என்றார் பெரிய மாஸ்டர். "அழட்டும். அழுதா கைப்பக்குவம் திரும்பி வந்துடுமா?"

"உனக்குக் கல்லு மனசுடா" என்றார் டிரைவர்.

மூன்று இளநீர் வந்தது. சின்ன மாஸ்டர் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒன்றைக் கையில் கொடுத்தார். பெரிய மாஸ்டர் உறிஞ்சுகுழலில் நாலு வாய் இழுத்துவிட்டுக் காயை மேஜையில் டொக்கென்று வைத்தார்.

"பச்சைத் தண்ணி. பச்சைத் தண்ணியேதான். ஒரு இளநீர் பார்த்து வாங்கத் துப்பில்லை, இவனெல்லாம் சமையல்காரன். சாயங்காலம் என்ன சாயங்காலம், இப்பவே சொல்லிடறேன்."

போனை எடுத்து முதலாளியின் எண்ணை அழுத்தி, மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. சின்ன மாஸ்டர் தடுக்கவில்லை.

தன் காயைக் காலி செய்துவிட்ட டிரைவர், பெரிய மாஸ்டர் வைத்த மிச்சத்தையும் வழக்கம்போல் எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். அடுத்த நொடி அத்தனையையும் மணலில் துப்பிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"டேய், இது இளநீரே இல்லடா. கடல் தண்ணி."

"ஆமா" என்றார் சின்ன மாஸ்டர், தலையை நிமிர்த்தாமல். "நான்தான் இளநீரைக் கொட்டிட்டு மொண்டு ஊத்தினேன்."

பெரிய மாஸ்டரின் கையிலிருந்த போனில் முதலாளி பேசினார்: "சொல்லுங்க மாஸ்டர், யார்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"