மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்

“மொழிபெயர்ப்பாளர் இல்லாத வகுப்புதான் வேணும். இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ரூம்லயே இருந்துக்கறோம்” என்று பெரியவள் சொன்னதும், சின்னவளுக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கேறியது.

பின்னே? இந்தப் பயணத்துக்காக மூன்று மாதமாக அவள் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? அக்காவும் அவள் கணவரும், தங்கையும் அவள் கணவரும் சேர்ந்து போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். மியூசியம், பூங்கா எதுவும் வேண்டாம், ஐந்து நாளும் சாப்பாடு, சாப்பாடு, சாப்பாடு மட்டும்தான் என்று ஏகமனதாக முடிவாகியிருந்தது.

பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் எழுதுவது சின்னவளின் வேலை. அந்தக் கைப்பழக்கத்தில் ஐந்து நாளையும் அரை அரை மணியாக நறுக்கி, சார்ட் பேப்பரில் எழுதி, சாப்பாட்டு மேஜை மேல் விரித்திருந்தாள். காலை ஏழுக்கு சூப் கடை. எட்டரைக்கு மீன் சந்தை. பத்து மணிக்கு அடுப்பிலிருந்து சூடாக இறங்கும் ரொட்டி. நடுவில் ‘செரிப்பதற்கு நாற்பது நிமிடம்’ என்று சிவப்பு மையில் ஒரு கட்டம். அதற்கு மட்டும் அவள் கணவர் திருத்தம் கேட்டார். தனக்கு இருபது நிமிடமே போதுமாம்.

எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தாற்போல நாலாம் நாள் சமையல் வகுப்பு.

இரண்டு வகுப்புகளைச் சலித்து எடுத்திருந்தாள். முதலாவது ஊரே புகழும் வகுப்பு. நம் மொழியிலேயே விளக்கம் சொல்ல ஆள் உண்டு. வாய் ஓயாமல் கதை சொல்வாராம், திடீர் திடீரென்று ஒவ்வொருவரையும் கேள்வி கேட்பாராம், வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாராம். போய்வந்தவர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார்கள். ஆறே இடம்தான் பாக்கி.

இரண்டாவது, ஒரு சின்ன உணவகத்தின் அடுக்களை. சமையல்காரருக்குத் தன் மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் கிடையாது. ஒப்புக்கு ஒன்று இருக்கட்டும் என்றுதான் அதைச் சேர்த்திருந்தாள். போயும் போயும் அதைத்தான் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஆள் உப்புன்னு சொல்றாரா, சர்க்கரைன்னு சொல்றாரான்னே தெரியாதுக்கா. என்னத்தக் கத்துக்கிட்டு வரப் போறோம்?”

“கையப் பாத்துக் கத்துக்கலாம்.”

“சந்தேகம் வந்தா?”

“வந்தா வந்துட்டுப் போவுது.”

காரணம் கேட்டால் மட்டும் வாயே திறக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அக்கா இப்படித்தான். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு, டி.வி. ரிமோட் அவள் கையில், அவள் வைத்ததுதான் சட்டம். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லையே என்று சின்னவள் மனதுக்குள் பொருமினாள்.

துணைக்கு ஆள் சேர்க்கலாம் என்று, பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவின் கணவர் பக்கம் திரும்பினாள். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். ஒரு காலத்தில் அவர் இருக்குமிடத்தில் மற்றவர்கள் பேச முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது கொஞ்ச நாளாக, அக்கா முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி.

“நீங்க சொல்லுங்க அத்தான், ரெண்டுல எந்த வகுப்பு?”

அத்தான் முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஆமா ஆமா, ரொம்ப நல்லா இருக்கும்” என்றார்.

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று அவள் கணவர் நடுவில் புகுந்து, எந்த வகுப்பானால் என்ன, கடைசியில் சாப்பிடத் தருவார்கள்தானே என்று கேட்டார். அவள் முறைத்த முறைப்பில், டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குள் லேப்டாப்பில் ஆறு இடம் நாலாகியிருந்தது. இன்னும் ஒருவர் முந்திக்கொண்டால் போச்சு. சின்னவள் பொறுமையிழந்து குரலை உயர்த்தினாள்.

“உன் பிடிவாதத்துக்காக எங்க ஆசைய ஏன்க்கா கெடுக்கறே? அத்தானப் பாரு. எப்படி இருந்த மனுஷன். வாயத் திறக்க விடாம அடக்கி வெச்சிருக்கே. உனக்குப் பயந்து பயந்து பொம்மையாவே ஆயிட்டாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அத்தான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவரோ சார்ட்டின் மேல் குனிந்து, மீன் சந்தைக்கு நேரே எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நாளைக்கே கிளம்பப்போகிறவரைப் போல முகமெல்லாம் குதூகலம்.

“மன்னிச்சுக்கோக்கா. அத்தான் முன்னாடி நான் அப்படி...” என்று சின்னவள் குரலைத் தாழ்த்தினாள்.

பெரியவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“அவருக்குக் கேட்டிருக்காதுடி. ஆறு மாசமா காது போயிட்டே வருது. இன்ஜின் சத்தத்த வெச்சே கோளாறு சொல்ற மெக்கானிக்குக் காது கேக்கலன்னு தெரிஞ்சா எவன் வண்டிய விடுவான்னு, காதுக்கு மெஷினும் வெச்சுக்க மாட்டேங்கறாரு, யார்கிட்டயும் சொல்லவும் விட மாட்டேங்கறாரு. நாலு பேர் சிரிச்சா இவரும் சிரிக்கறாரு, எதுக்குன்னு தெரியாமலே.”

சின்னவளுக்கு அத்தானை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“நீ சொல்ற வகுப்புல நீங்க எல்லாரும் சிரிப்பீங்க, இவர் மட்டும் என் மூஞ்சியப் பாத்துட்டு நிப்பாரு. அந்தச் சமையல்காரர் பேசினா நம்ம நாலு பேருக்குமே ஒண்ணும் புரியாது. ஒரு மூணு மணி நேரமாவது அவரும் நம்ம எல்லாரையும் மாதிரி முழிக்கட்டும்டி.”