அருணகிரி வராத போட்டி

கோல்ஃப் மைதானத்தில் முதல் குழியின் பெஞ்சும் பதினான்காம் குழியின் பெஞ்சும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. போட்டியென்றால் எல்லாரும் முதல் குழியிலிருந்துதான் வரிசையாகக் கிளம்புவார்கள்.

"அருணகிரி சார் தங்கமான மனுஷன். கைக்குட்டையால என்னைத் துடைச்சுட்டுத்தான் உட்காருவார்," என்றது முதல் பெஞ்சு.

"அந்த ஆளா? வந்ததும் என்னை எட்டி உதைப்பான்," என்றது பதினான்காம் பெஞ்சு.

இந்த முறை கிளப்பில் ஏற்பாட்டை மாற்றினார்கள். எல்லாரும் ஒன்றாக முடித்து ஒன்றாகச் சாப்பிட வேண்டுமாம். அதனால் ஒவ்வொரு குழியிலும் சிலரை நிறுத்தி, சைரன் ஒலித்ததும் ஒரே நேரத்தில் ஆடச் சொன்னார்கள். அருணகிரிக்குப் பதினான்காம் குழி கிடைத்தது.

காலையில் அவர் அங்கிருந்த பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறிய பிறகு, இருந்த நல்ல பந்துகளையெல்லாம் குளத்தில் விட்டுவிட்டு, கடைசிக் குழியான பதினெட்டையும் முடித்து முதல் குழிக்கு வந்தவர், அங்கிருந்த பெஞ்சை எட்டி உதைத்தார்.

"இன்னைக்கு என்னை உதைச்சது அவர் தொப்பியைப் போட்டுக்கிட்டு வந்த வேற யாரோ," என்றது முதல் பெஞ்சு.

"என்னைத் துடைச்சதும் வேற யாரோதான்," என்றது பதினான்காம் பெஞ்சு.

பல வருஷச் சண்டை அத்தோடு தீர்ந்தது. அன்றைய போட்டிக்கு அருணகிரி வரவே இல்லை என்று இரண்டும் ஒத்துக்கொண்டன.