வரிசையில் கடைசி ஆள்

"வாயைத் திறந்து பேசுய்யா! முதல் ஆளா வந்து நின்னவனை எதுக்குக் கடைசிக்குத் தள்ளினே?"

விசாரணை அதிகாரி மேசையைத் தட்டினார். எதிரே வார்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். சரியான கல்லுளிமங்கன்!

நடந்தது இதுதான். சிறையில் தினமும் காலையில், உடம்புக்கு முடியாத கைதிகள் மருத்துவ அறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்ப்பார். போன வாரம் ஓர் இளம் கைதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாய் வந்து நின்றான். இந்த வார்டர் அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நிறுத்தினார். முன்னால் நின்ற ஒருவனுக்குச் சேற்றுப்புண், இன்னொருவனுக்குப் பல்வலி. அவர்கள் எல்லாரும் சாவகாசமாக மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தன் முறை வருவதற்குள் அவன் சுவரோடு சரிந்துவிட்டான். டாக்டர் ஓடி வந்து பார்த்தபோது உயிர் இல்லை.

"நெஞ்சு வலிக்குதுன்னு உன்கிட்ட சொன்னானா, இல்லையா?"

"சொன்னான் சார்."

"சொல்லியுமா?"

"ஒருத்தனுக்கு மட்டும் சலுகை காட்டினா மத்தவங்க பேசுவாங்க சார்."

"அடேயப்பா, பெரிய நியாயவான்! முதல்ல வந்தவனை முதல்ல விடறது சலுகையாய்யா?"

வார்டர் தொப்பியை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். தாடை ஆடியது.

அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைதிகளை எல்லாம் விசாரித்தாயிற்று. இந்த வார்டர் தங்கமான மனுஷர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பையனிடம் மட்டும் ஏனோ எப்போதும் கடுகடுப்பாம். மற்றவர்கள் கேட்டால் எங்கிருந்தாவது ஒரு போர்வை தேடிக்கொண்டு வருவாராம். அவன் கேட்டால், "போடா, வேலையைப் பாரு" என்பாராம்.

"அப்படி என்னய்யா பகை அவன் மேல?"

"பகை எல்லாம் இல்ல சார்."

"உன் வேலை போச்சுன்னு வச்சுக்க. கேஸும் போடச் சொல்லி எழுதப்போறேன். நீயும் உள்ள போய்க் கம்பி எண்ணு, அப்பத் தெரியும்."

"எழுதுங்க சார்" என்றார் வார்டர், வேறு யாருக்கோ வந்த தண்டனை போல.

இறந்தவனின் அம்மாவை உள்ளே அழைத்து வந்தார்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அதிகாரியே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் வார்டர் பக்கம் திரும்பவில்லை. வார்டரும் நிமிரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்வான் என்று நினைத்துக்கொண்டார் அதிகாரி.

"இந்த ஆள்தாம்மா. பயப்படாம சொல்லுங்க. இவன் கொடுமைப்படுத்தறான்னு உங்க பிள்ளை எப்பவாச்சும் சொல்லியிருக்கானா?"

"இல்லய்யா. இவர் மேல தப்பே இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"என் பிள்ளை சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடணும்னா நெஞ்சு வலிக்குதும்பான். யாரா இருந்தாலும் நடிக்கறான்னுதான் நினைப்பாங்க."

அதிகாரி திகைத்துப்போனார். செத்துப்போன பிள்ளையைக் குறை சொல்லி, அவன் சாவுக்குக் காரணமானவனைக் காப்பாற்றும் தாயை அவர் பார்த்ததே இல்லை.

"யாராவது மிரட்டினாங்களா? பணம் கிணம் ஏதாச்சும்..."

"ஐயோ! பெத்த பிள்ளை உசுருக்குக் காசு வாங்குவேனாய்யா?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். அதிகாரி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இவன் கொஞ்சம் மனசு வச்சிருந்தா உங்க பிள்ளை இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான். இவனுக்குப் போய் ஏம்மா பரிஞ்சு பேசறீங்க? உங்களுக்கு வயிறு எரியலையா?"

அப்போதுதான் அவள் திரும்பி வார்டரைப் பார்த்தாள். வார்டரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"அண்ணன் தம்பின்னு தெரிஞ்சா இவனை வேற ஜெயிலுக்கு மாத்திடுவாங்க, அதனால யாரோ மாதிரி இருந்து தம்பியைப் பாத்துக்கடான்னு நான்தான்யா சொல்லி வச்சேன். உள்ள போன சின்னவன் பொணமாத்தான் வந்தான், பெரியவனையும் உள்ள அனுப்பிடாதீங்கய்யா!"