பிளமிங்கோ நிற்காத வாசல்

அன்று மாலை நான்கு மணிக்கு அங்கே இருந்தவர்கள்: ஓஸ்மண்ட் நெல்விக் ஆகிய நான், என் மனைவி ஆர்டிஸ், அவள் தம்பி வெர்லின், எதிர் வண்டி மேவிஸ், மேவிஸின் நாய்.

இப்போது கதை சொல்லித் திரிகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

அரிசோனா பாலைவனத்தில் மூன்று நாளாக மேகம். குளிர்காலத்துக்கு நாங்கள் வந்து தங்கும் வீட்டு வண்டிகளின் கூரையில் சோலார் தகடுகள் சும்மா கிடந்தன.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு மணிக்கு அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் அவரவர் நாற்காலியைத் தூக்கிவந்து வட்டமாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததும், பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

குளிர்காலத்தில் முதலில் யாருடைய ஜெனரேட்டர் உறுமுகிறதோ, அவர்கள் வாசலில் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் பிளமிங்கோ பறவை ஒன்றை நட்டுவிடுவார்கள். மார்ச்சில் ஊருக்குக் கிளம்பும்வரை அது அங்கேயே நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதற்குக் கேலியாக வணக்கம் சொல்வார்கள்.

பதினோரு குளிர்காலமாக வருகிறோம். எங்கள் வாசலில் குடும்பப் பலகையைத் தவிர வேறெதுவும் நின்றதில்லை.

டகோட்டாவில் என் அப்பா செதுக்கிய ஓக் பலகை அது. நடுவில் நெல்விக் என்ற பெயர். பெயரைச் சுற்றி அவரே பதித்த பழைய குண்டு பல்புகள்.

“நாப்பத்தொண்ணு,” என்றாள் மேவிஸ். “நீங்க எத்தனை, ஓஸ்மண்ட்?”

“போதுமான அளவு,” என்றேன்.

ஒன்பது. நெல்விக்குகள் பொய் சொல்வதில்லை. எண்ணையும் சொல்வதில்லை.

அந்த ஒன்பதுக்கு நான் பொறுப்பல்ல. ஆர்டிஸின் முடி உலர்த்தியைப் பூட்டி வைத்திருந்தேன். வெர்லினின் மின்போர்வையைப் பறித்து என் தலையணைக்கு அடியில் போட்டிருந்தேன். காபி எரிவாயுவில். குளிர்பெட்டியும் எரிவாயுவில். இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். யார் யாரை நிமிர்ந்து பார்த்தாலும் கண் கூசியது. அதனால் மூன்று நாளாக மேஜையில் சண்டையும் இல்லை.

அப்படியும் மணிக்கு மணி எண் இறங்கியது.

எனக்கு வெர்லின் மேல்தான் சந்தேகம். அன்று காலை அவன் வழுவழுவென்று சவரம் செய்த முகத்தோடு வந்து நின்றபோது அது உறுதியாயிற்று.

“பிளேடுலதான் அத்தான் பண்ணேன். பாருங்க, ரத்தத்த!”

பார்த்தேன். ரத்தம்தான். சந்தேகம் போகவில்லை.

எங்கள் பக்கம் நின்ற ஒரே ஜீவன் மேவிஸின் நாய். அந்தக் குளிரில் சொந்த வண்டியை விட்டுவிட்டு, மூன்று நாளாக எங்கள் பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. நல்ல குடும்பம் எதுவென்று நாய்க்குத் தெரியும்.

அப்போதுதான் எங்கள் வண்டிக்குள்ளிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம்.

பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் சொல்லும் சத்தம். வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

“ஏதோ பறவை,” என்றான் வெர்லின்.

பறவை என்று சொன்னது அவன். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

“பத்து செகண்டுக்கு ஒருதரம் கரெக்டா கத்துதே,” என்றாள் மேவிஸ். “வாட்ச் கட்டின பறவையோ?”

ஆர்டிஸ் பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் காலுறையைக் கீழே வைத்தாள். “போய் ஜெனரேட்டரைப் போடு, ஓஸ்மண்ட். பம்பு நின்னா குழாயில தண்ணி வராது. பிளமிங்கோவோட வாழ்ந்துக்கலாம். தண்ணியில்லாம உன்னோட வாழ முடியாது.”

நான் எழுந்திருக்கவில்லை.

சத்தம் நின்றது. கத்துவதற்கும் மின்சாரம் மிச்சமில்லை.

நாய் தலையைத் தூக்கியது. திரும்பிப் பலகையை முகர்ந்தது. மெல்ல எழுந்து ஒருமுறை உடம்பை உதறியது. பிறகு அது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

மேவிஸ் போய்ப் பலகையின் மேல் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

“அம்மாடி, இன்னும் சுடுதே! இருபத்தஞ்சு குண்டு பல்பு! இது பகல்லயும் எரிஞ்சிட்டா இருந்துச்சு?”

“நெல்விக் பெயரைப் பகலில் அணைத்து வைப்பதா?” என்று கேட்டேன்.

வெர்லின் எழுந்து உள்ளே போனான். என் தலையணைக்கு அடியிலிருந்து தன் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தான்.

என் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் உறைக்குள் இருந்தது. பதினோரு வருடமாகப் பிரிக்காத உறை. மேவிஸ் அதைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

“நாய் நடுங்குது,” என்றாள். “அதுக்கு அந்த இடம் பழகிடுச்சு. உங்ககிட்ட நீளமா ஒரு ஒயர் இருக்குமே?”

ஐம்பதடி மஞ்சள் ஒயர் இருந்தது. கொடுத்தேன்.

மேவிஸின் ஜெனரேட்டர் உறுமியது. முகாம் முழுவதும் கைதட்டிக் கூச்சல் போட்டது. பலகை எரிந்தது. நாய் திரும்பி வந்து, முதுகை ஒட்டி, பெருமூச்சு விட்டது.

அதே ஒயரில் எங்கள் பேட்டரி சார்ஜரையும் ஆர்டிஸ் செருகியதாகச் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தரை மணிக்கு மேவிஸ் பிளமிங்கோவைத் தன் வாசலில் தானே நட்டுக்கொண்டாள். அதற்கு ஒரு தொப்பியும் மாட்டினாள்.

நெல்விக் குடும்பம் பக்கத்து வண்டியில் இரவல் மின்சாரம் வாங்கியது என்று முகாமில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு.

வாங்கியது நாய். ஒயர் மட்டும்தான் எங்களுடையது.